அழகருக்கு விட்ட முடி

வீட்டில் வயதானவர்கள் இருந்து, தலையைத் தொடவிடாமல் முரண்டு பிடித்தால், சண்டை போட்டாவது ஒரு தடவை அவர்கள் பிடரியைப் பார்த்துவிடுங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, நாகமலைக்கு அந்தப் பக்கம். அய்யாவுக்கு இரண்டு பிள்ளைகள். நான் மூத்தவள், பேச்சி. ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவன் தம்பி முத்து. அவனைப் பெற்ற கையோடு எங்கள் ஆத்தா போய்விட்டது. அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். என்னை உள்ளூரிலேயே அத்தை மகனுக்குக் கொடுத்தார்கள். அய்யா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு படல்தான்.

அய்யா தலைமுடியில் ரொம்பக் கருத்தாக இருப்பார். முன்தலையைச் சிரைத்துப் பின்னால் குடுமி. சனிக்கிழமை எண்ணெயும் சீயக்காயும் தப்பாது. ஊர் நாவிதர் சங்கையா ஒரு வாரம் வரத் தவறினால், "என்ன சங்கையா, என் மூஞ்சியத் தரிசாப் போட்டுட்டியா?" என்று கேட்பார். அவர் குடுமியைச் சீவி முடிவது என் வேலை. கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் படலைத் தாண்டிப் போய்ச் சீவிவிட்டுத்தான் வருவேன்.

முத்து ரங்கூனுக்குப் போனான். அங்கே அரிசி மில்லில் வேலை. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் கடிதம் நின்றுபோயிற்று. காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பியவர்களில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். முத்துவுக்கு வழியில் கடுங்காய்ச்சல் என்றும், நடக்க முடியாமல் போனதால் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வந்ததாகவும் சொல்லி, அய்யா காலில் விழுந்து அழுதார். நான் மாரில் அடித்துக்கொண்டு கத்தினேன்.

"எதுக்குத்தா ஒப்பாரி வைக்குற?" என்றார் அய்யா. "காய்ச்சல்ல விட்டுட்டு வந்தேன்னுதான சொல்றாரு. செத்துட்டான்னு சொன்னாரா?"

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, அழகர்மலை இருக்கும் திசையைப் பார்த்து நின்று வேண்டிக்கொண்டார். முத்துவின் கால் இந்த வாசலில் படுகிறவரைக்கும் தன் தலையில் கத்தி படாது, அவன் வந்ததும் இருக்கிற முடி அத்தனையும் அழகருக்கு என்றார். எங்கள் பக்கத்தில் சாமிக்கு முடி விடுவது புதிதில்லை. கத்திதான் வைக்கமாட்டார்கள், குளிப்பார்கள், எண்ணெய் வைப்பார்கள், சீவுவார்கள். அய்யா மட்டும் அதற்கு மேல் ஒரு படி போனார். மறுநாள் நான் சீப்போடு போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"சீப்புப் போட்டா முடி உதிரும்த்தா. அம்புட்டும் ஒனக்குன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு, பாதிய வாசல்ல கொட்டவா?"

"அப்ப தலைக்கு ஊத்திக்கவாச்சும் செய்யுங்கய்யா."

"தேச்சாலும்தான் உதிரும்."

அதோடு தலை குளிப்பதும் நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. முடி திரண்டு சடைபிடித்து, தாடியும் சேர்ந்து, பிடரியை மூடித் தோள்மேல் கிடந்தது. தெருவில் போகிறவர்கள் சாமியாரே என்று கூப்பிட்டார்கள். சங்கையாவுக்கும் வருத்தம்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. "தாயி, ஒங்க அய்யா தலைக்கு இனி என் கத்தி பத்தாது. கதிரறுக்குற அருவாளத்தான் தீட்டணும்" என்பார். தூங்கும்போது சிக்கெடுக்கலாம் என்று ஒருநாள் விரலால் தொட்டேன். விழித்துக்கொண்டு, "முத்துவுக்குன்னு விட்டதுத்தா இது, ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அதற்கு மேல் எனக்கு மல்லுக்கட்ட மனசில்லை.

இங்கேதான் நான் கவனித்திருக்க வேண்டும். அந்த வருஷக் கோடையில் அய்யா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அடிக்கடி ஒன்னுக்குப் போனார்; போன இடத்தில் எறும்பு மொய்த்தது. குப்புறப் படுத்துத் தூங்கினார். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். பக்கத்தில் போனால் ஒரு வாடை அடித்தது. அழுக்குத் தலையின் வாடை என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, கஞ்சிக் கும்பாவை எட்ட வைத்துவிட்டுக் காற்று வரும் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன். என்னை வளர்த்தவருக்கு நான் பக்கத்தில் இருந்து பரிமாறவில்லை.

ஒருநாள் காலையில் அவருடைய துண்டைத் துவைக்க எடுத்தேன். அதில் ரத்தமும் சீழும். ஓடிப்போய்ச் சடையைத் தூக்கிப் பார்த்தேன். பிடரி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வீங்கி, சல்லடை மாதிரி கண் கண்ணாகத் துளை விட்டிருந்தது.

"எம்புட்டு நாளாய்யா இது?"

"சின்னக் கட்டி. பழுத்து ஒடைஞ்சா போயிரும்."

"ஏன்ய்யா சொல்லல?"

"சொன்னா முடிய எடுங்கம்பீக."

வண்டி கட்டச் சொன்னேன். அய்யா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்றார். என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் நான், "முடியில யாரையும் கை வைக்க விடமாட்டேன். மீனாச்சி மேல சத்தியம், ஏறுங்க" என்றேன். அய்யா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் மத்தியானம் வரைக்கும் காத்திருந்தோம். உட்கார்ந்திருந்த பெஞ்சில் இரண்டு பக்கமும் ஆட்கள் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். அய்யா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ஒருகாலத்தில் வேட்டியில் ஒரு சேற்றுப்பொட்டு இருந்தாலும் சந்தைக்குப் போகாத மனிதர்.

உள்ளே முதலில் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டுத் தீயில் காட்டினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ரொம்ப அதிகம் என்று அர்த்தமாம். நீரிழிவு என்றார் டாக்டர். எறும்பு மொய்த்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிடரியில் இருந்தது ராஜபிளவை. எனக்குப் புரியும்படி டாக்டர் சொன்னார். அது ஒற்றைக் கட்டி இல்லை. பல கட்டிகள் தோலுக்கு அடியில் ஒன்றுக்கொன்று வழி தோண்டிக்கொண்டு, கறையான் புற்று மாதிரி மேலே பல வாய் திறக்கும். சர்க்கரை இருக்கிற உடம்பில் அது சீக்கிரம் பரவும், தானாக ஆறாது. கூட்டல் குறி போலக் கீறி, உள்ளே செத்துப்போன சதையை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் சர்க்கரையைக் குறைக்க ஊசி போட வேண்டும். அரிசிச் சோறு ஆகாது.

அய்யாவை வார்டில் ஒரு கட்டிலில் படுக்கவைத்ததும், டாக்டர் அவரிடம் குனிந்தார். "பெரியவரே, முடிய எடுக்கணும்."

"கட்டி கழுத்துலல்ல இருக்கு. முடி என்னங்க பண்ணுச்சு?"

"கட்டி முடிக்குள்ள ஏறியிருக்கு. எதுவரைக்கும்னு பாக்கணும்."

"நான் முடியத் தூக்கிப் புடிச்சுக்கிறேன். நீங்க பாட்டுக்கு அறுங்க."

"புல்லுக்குள்ள கைய விட்டுப் பாம்பு புடிக்கச் சொல்றீங்க."

"அப்படி நான் புடிச்சிருக்கேங்க."

வார்டே சிரித்தது. டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அய்யா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் ஒருக்களித்தார்.

பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்தவருடைய சம்சாரம் வண்டியூர்க்காரம்மா. அதற்கு வாயும் பெரிது, மனசும் பெரிது. "ஏம்மா, ஒங்க அய்யா தலையில ரெண்டு குருவி குடித்தனம் பண்ணலாம் போலருக்கே" என்று முதல் நாளே கேலி செய்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டது. அன்று சாயந்திரமே தன் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்து, அய்யா தலைக்கு அடியில் மெத்தென்று மடித்து வைத்தது. "அழகரு கோவிச்சுக்க மாட்டாரும்மா. அவருக்குக் கண்ணில்லையா, சீழு வடியுறது தெரியாதா?" என்றது. என் வீட்டுக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் கேப்பையும் மோரும் சுமந்துகொண்டு வருவார். அரிசியே கிடைக்காத சண்டைக்காலம். அதனால் சோறு இல்லை என்ற பத்தியம் மட்டும் எங்களுக்குச் சிரமமாக இல்லை. ஊசி மருந்து வெளியே வாங்க வேண்டியிருந்தது. அதற்காகக் கன்றுக்குட்டியை விற்றார். அய்யாவிடம் மட்டும் மேய்ச்சலில் நிற்கிறது என்றார்.

ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அய்யாவுக்கு உதடு வெடித்துப் பேச்சு குழறியது. ஒருநாள் மத்தியானம் என் கையைப் பிடித்து, "நீ இருக்கேல்ல? அப்ப நான் கண்ண மூடுறேன்" என்றார். தூங்கினார். காவலுக்கு நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் தூங்கினார்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார். நாடியைப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். சீழ் ரத்தத்தில் கலக்க ஆரம்பித்துவிட்டது, இனித் தாமதித்தால் தான் பொறுப்பில்லை என்றார். "வீட்டுல பெரியவங்க யாரு? மகன் இருக்காரா? வரச் சொல்லுங்க."

அன்று வந்திருந்த என் வீட்டுக்காரர் பின்னால் நகர்ந்தார். "நான் மருமகன். நான் சொல்லி ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா ஊரு வேற மாதிரி பேசும். நீயே சொல்லு பிள்ள" என்றார்.

நான் டாக்டரைப் பார்த்துச் சொன்னேன்: "தம்பி பர்மாவுல தவறிட்டாங்க."

அதுவரைக்கும் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. பிள்ளையிடம் தண்ணீர் கேட்கிற குரலில் அது என் வாயிலிருந்து வந்தது. என்றைக்கோ மனசுக்குள் அவனைப் புதைத்துவிட்டேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்ததும் மற்றதெல்லாம் லேசாகிவிட்டது. வராதவனுக்காக எதற்கு இந்த முடி? இருக்கிறவர் பிழைக்கட்டும்.

"அப்ப நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

நான் தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரி நாவிதர் கத்தரிக்கோலோடு வந்தார். அய்யா முழிக்கவில்லை, முனகினார், அவ்வளவுதான். சடை கெட்டியாக இருந்ததால் கயிற்றை அறுப்பதுபோல அறுக்க வேண்டியிருந்தது. பிறகு கத்தி. சடைக்குள் ஒளிந்திருந்த புண் காது வரைக்கும் ஏறியிருந்தது. நர்ஸம்மாவே "அய்யோ" என்றார். சாமிக்குக் கொடுக்க ஒரு பிடி முடியாவது தாருங்கள் என்று கேட்டேன். சீழ் பட்டதை வெளியே கொடுக்கக் கூடாது, மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், எரித்துத்தான் ஆக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். தட்டில் மூடி எடுத்துப் போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மயக்க மருந்து கொடுத்துக் கீறினார்கள். வெளியே வராந்தாவில் வண்டியூர்க்காரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் அழவில்லை. சத்தியத்தை மீறியதற்கு அய்யாவிடம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அய்யா கண் விழித்துத் தலைக்குக் கையைக் கொண்டுபோனார். துணிக்கட்டைத் தொட்டார். மேலே தடவினார். மழித்த தலையில் உள்ளங்கையை வைத்தபடி கிடந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"முடி போனது கெடக்கட்டும்த்தா. முத்து தவறிட்டான்னு சொன்னியே, அது காதுல விழுந்துச்சு."

"அய்யா..."

"சொன்னப்ப ஒன் கொரலு கம்மவே இல்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு திட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மிச்ச நாளெல்லாம் தினமும் புண்ணுக்குள் இருக்கிற துணித்திரியை உருவிவிட்டு உப்புத் தண்ணீரில் நனைத்த புதுத்திரியைத் திணிப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். அய்யா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருப்பார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார். கேப்பைக் களி கொடுத்தால் தின்றார். வாரம் ஒருமுறை நாவிதர் வந்து முகத்தையும் தலையையும் மழித்தார்; இப்படித் திரும்புங்க என்றால் திரும்பினார்.

"ஒங்க அய்யா மாதிரி சொன்ன பேச்சுக் கேக்குற நோயாளிய நான் பாத்ததில்ல" என்று நர்ஸம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு யாரோ அறைந்ததுபோல இருந்தது. சீப்பைத் தட்டிவிடுகிற அய்யாவைத்தான் எனக்குத் தெரியும். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரைத்தான் நான் இங்கே கூட்டி வந்தேன். திரும்பக் கூட்டிப்போகிறவர் யாரென்று தெரியவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் அப்படித்தான். சங்கையா வந்தால் தலையைக் குனிந்து கொடுப்பார். குடுமி வளர்க்கவில்லை, ஒட்ட வெட்டிக்கொண்டார். சங்கையா பழையபடி கேலி பேச்சை எடுத்துப் பார்த்தார். பதில் வராததால் அவரும் பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். சர்க்கரைக்கு வேண்டிய பத்தியமெல்லாம் அய்யா சரியாக இருந்தார். ஊரில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி, அப்பனைக் காப்பாற்றிவிட்டாள் என்றார்கள். டாக்டர் சொன்னதும் உண்மைதான். எடுக்காவிட்டால் அய்யா இல்லை. நூறு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் மறுபடியும் நின்றாலும் தலையைத்தான் ஆட்டுவேன். ஆனால் டாக்டர் கேட்டது மகன் இருக்கிறாரா என்று. ஊரில் இல்லை, பர்மாவில் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தாலும் டாக்டர் என்னைத்தான் கேட்டிருப்பார். அதே முடிதான் போயிருக்கும்.

சண்டை முடிந்து கொஞ்ச காலம் கழித்து, ஒருநாள் காலையில் நான் அய்யா வீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். காக்கி டவுசரும் கையில் ஒரு மூட்டையுமாக ஓர் ஆள் வந்து நின்றார். மெலிந்து கறுத்த உருவம். யாரோ வழி கேட்க வந்தவர் என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கினேன்.

"என்னக்கா, பேயப் பாத்த மாதிரி நிக்குற?"

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. முத்து. காய்ச்சலில் கிடந்தவனை மலைக்காரக் குடும்பம் ஒன்று தூக்கிப்போய்க் கஞ்சி ஊற்றிப் பிழைக்கவைத்ததாம். பாதை திறக்கிறவரைக்கும் அங்கேயே மாடு மேய்த்துக் கிடந்தானாம். அதெல்லாம் பிறகு சொன்னான். அந்த நேரத்தில் அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் மரம் மாதிரி நின்றேன். என் கை அவன் முதுகுக்குப் போகவே மாட்டேன் என்றது.

உள்ளேயிருந்து அய்யா வந்தார். அவனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் தடவினார். "வாடா" என்றார். முத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னய்யா, குடுமியக் காணோம்? டவுன்காரக மாதிரி கிராப்பு வச்சுக்கிட்டீக!"

அய்யா என் பக்கம் திரும்பவில்லை.

"பிடரியில பிளவைடா. ஆசுபத்திரியில எடுத்தாக. அழகருக்கு ஒன் பேருல விட்டிருந்த முடி."

"அக்கா எப்படி எடுக்க விட்டுச்சு?"

"அவ எங்க விட்டா? தம்பி வருவான், அவன் வந்தப்புறம்தான் கத்தி வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. டாக்டரையே கிட்ட விடல. நான்தான் வலி தாங்காம எடுக்கச் சொன்னேன்."

"அக்காவா கொக்கா" என்றான் முத்து.

அய்யா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். காப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, வெளியே ஊதுகிற சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தேன்.